அரைச் செக்கன் நித்திரை

கேள்வி: தண்ணீர்த் தாங்கியின் மட்டத்தை அரைச் செக்கனுக்கு ஒருமுறை பார்க்கும் புரோகிராமை சீ மொழியில் எழுதினேன். ஸ்லீப்புக்கு 0.5 கொடுத்தால், கண்ணை மூடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏன்?
- மாணவி, கொலன்னாவை

பதில்: எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பேர்போன ஊரிலிருந்து தாங்கிக் கேள்வி வராவிட்டால்தான் அதிசயம்! ஸ்லீப் முழுச் செக்கன்களை மட்டுமே ஏற்கும். உங்கள் 0.5 உள்ளே போகும்போதே பூச்சியமாகிவிடுகிறது. பூச்சிய நேரத்தில் யாரால் நித்திரை கொள்ள முடியும்? நானோஸ்லீப்பிடம் போங்கள். செக்கனையும் நானோ செக்கனையும் தனித்தனியே கேட்கும்: உங்களுக்கு 0, 500,000,000. இரண்டாவது எண் 999,999,999ஐத் தாண்டினால் பிழை என்று திருப்பிவிடும். இடையில் ஒரு சிக்னல் வந்து எழுப்பினால் -1 தந்து, மிச்ச நேரத்தையும் சொல்லும். அந்த மிச்சத்துக்கு மறுபடி படுக்க வையுங்கள். பழைய பாடக்குறிப்புகளில் யூஸ்லீப் இருக்கும். போசிக்ஸ் தரநிலை 2008இல் அதை நீக்கிவிட்டது, தொடவேண்டாம். இன்னொன்று: நீங்கள் கேட்கும் நேரம் குறைந்தபட்சம்தான். எழும்பிய பிறகும் சிபியு கிடைக்கும்வரை திரெட் காத்திருக்க நேரலாம்.

கேள்வி: வெறும் லூப்பைக் கோடித் தடவை சுற்றவிட்டால் நேரம் போகாதா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: போகும், மின்சாரமும் சேர்ந்து போகும். கெட்டிக்காரக் கம்பைலர் "இதில் வேலையே இல்லை" என்று லூப்பைத் தூக்கிவிட்டால் நேரமும் போகாது.

கேள்வி: ஒரு திரெட் நித்திரையானால் மற்றவையும் நிற்குமா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: லினக்ஸில் கூப்பிட்ட திரெட் மட்டுமே நிற்கும். ஆனால் மியூடெக்ஸைப் பூட்டியபடி நித்திரையானால், குளியலறையை உள்ளே பூட்டிக்கொண்டு கண்ணயர்ந்தவரைப் போல் வீட்டையே வரிசையில் நிறுத்திவிடும். பூட்டைத் திறந்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 2006 ஏப்ரல் 15ஆம் திகதி இலங்கை நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தார்களே, அப்போது நித்திரையில் இருந்த திரெட்டுகளுக்கு அரை மணித்தியாலம் கூடுதலாகக் கிடைத்திருக்குமா?
- வாசகர், கொலன்னாவை

பதில்: இந்தக் கேள்விக்கே பரிசு தரலாம். கிடைத்திராது. 1996இல் நம் நேரம் கிரீனிச்சுக்கு ஆறரை மணித்தியாலம் முன்னே போய், அதே ஆண்டில் ஆறுக்கு இறங்கி, 2006இல் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. மாறியதெல்லாம் நேர வலயம். லினக்ஸ் உள்ளே வைத்திருப்பது யூடிசி. அதோடு நானோஸ்லீப் "இவ்வளவு நேரம்" என்றுதான் எண்ணும், "இத்தனை மணிக்கு" என்று பார்க்காது. யாராவது கணினியின் கடிகாரத்தையே திருப்பி வைத்தாலும் அதற்குக் கவலை இல்லை. கவனம் வேண்டியது, கொண்டிஷன் வேரியபிளில் கெடு குறித்துக் காத்திருக்கும் திரெட்டுக்கு. அது வழக்கமாக நாள்-நேரக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழும்பும். கடிகாரம் அரை மணித்தியாலம் பின்னே போனால் அதுவும் அவ்வளவு பிந்தும். கொண்டிஷன் வேரியபிளை உருவாக்கும்போதே மொனோடோனிக் கடிகாரத்தைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.