லாக் ஆகாத பம்பாய்

அடையாற்றுக்குத் தெற்கே ஐ.ஐ.டி. வளாகத்தில் மான்கள் மேய்கின்றன. பக்கத்துக் கட்டடத்தில் சிப் வடிவமைக்கிறார்கள். 2018-ல் வந்த ‘சக்தி’ பிராசஸர் அங்கே பிறந்ததுதான். எந்த சிப்பிலும் ஒரு தீராத் தலைவலி உண்டு: உள்ளே இருக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப் என்ற குட்டி நினைவுச் சுற்றுகள் அத்தனைக்கும் கடிகாரத் துடிப்பு ஒரே சமயத்தில் போய்ச் சேர வேண்டும். மெட்ராஸுக்கு அந்தத் தலைவலி கிழக்கிந்தியக் கும்பெனி காலத்திலேயே வந்துவிட்டது.

1792-ல் நுங்கம்பாக்கத்தில் கும்பெனியார் வானாய்வுக்கூடம் கட்டினார்கள். ஞானத் தேடல் எல்லாம் அப்புறம். சரக்குக் கப்பல் தரைதட்டாமல் வர வேண்டுமே! ஆனாலும் பெருமையை விடுவார்களா? கருங்கல் தூண் நட்டு, லத்தீனில் தொடங்கித் தமிழ், தெலுங்கு வரை தங்கள் தாராள மனசைப் பொறித்துவைத்தார்கள்.

அங்கே கணித்த மணியை ஊருக்கு அறிவிக்கக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும். கோட்டைக்கும் அடையாற்றுக்கும் நேர்கோட்டில் சுமார் 9 கிலோமீட்டர். சத்தம் அதைக் கடக்க ஏறக்குறைய 26 விநாடி. 1882-ல் அடையாற்றில் குடியேறிய தியாசபிகல் சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் அதைக் கேட்டுக் கடிகாரம் திருத்தியிருந்தால், ஆயுசுக்கும் அரை நிமிஷம் லேட். சிப்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘க்ளாக் ஸ்க்யூ’. அம்மையாருக்கு என்ன கவலை? அவர் தன் குருமார்கள் என்று சொன்ன மகாத்மாக்களின் கடிதங்களே தபால்காரர் இல்லாமல் வந்து விழுந்துகொண்டிருந்தன. அலமாரிக்குப் பின்னால் ரகசிய வழி இருந்தது என்று 1885-ல் அதை விசாரித்த ஹாட்ஜ்சன் அறிக்கை கொடுத்தார். சபையார் இன்றுவரை அதை ஏற்கவில்லை. நமக்கு எதற்கு வம்பு.

ரயில் வந்ததும் சிக்கல் முற்றியது. கல்கத்தா மெட்ராஸைவிட அரை மணி முன்னே, பம்பாய் அரை மணி பின்னே. நடுவில் இருந்த பாவத்துக்கு மெட்ராஸ் டைமே ரயில்வே டைம் ஆனது. தந்திக் கம்பி வழியே மணி போனது.

சிப்பில் இப்படி ஓடும் கடிகாரத்தை ஒரு பொது மணியோடு இழுத்துக் கட்டுவது ஃபேஸ் லாக்டு லூப், சுருக்கமாக பி.எல்.எல். 1932-ல் தெ பெல்சிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ரேடியோவுக்காக எழுதிவைத்த யோசனை. வெளியே 25 மெகாஹெர்ட்ஸில் அசையாமல் துடிக்கும் கிரிஸ்டல். உள்ளே 1000 மெகாஹெர்ட்ஸில் தறிகெட்டு ஓடும் ஆஸிலேட்டர். ஓடுவதை 40-ஆல் வகுத்துக் கிரிஸ்டலோடு ஒப்பிட்டு, முந்தியிருக்கிறதா பிந்தியிருக்கிறதா என்று கோள் சொல்வது ஃபேஸ் டிடெக்டர். ஒவ்வொரு கோளுக்கும் துள்ளி எழாமல், திண்ணையில் சாய்ந்திருக்கும் தாத்தா மாதிரி எல்லாவற்றையும் கேட்டுச் சராசரி பார்த்து ஒரு வார்த்தை சொல்வது லூப் ஃபில்டர். அந்த ஒரு வார்த்தை வோல்டேஜாகப் போய் ஆஸிலேட்டரின் காதைத் திருகும். விலகல் அடங்கும்வரை திருகல் நிற்காது. அடங்கிவிட்டால் ‘லாக்’ ஆகிவிட்டது என்பார்கள். ஆனால் ஆஸிலேட்டர் எட்டாத தூரத்துக்கு ஓடிவிட்டால் எந்தத் தாத்தாவும் பிடிக்க முடியாது.

பம்பாய் அந்த ரகம். 1881-ல் கவர்னர் ஃபெர்குசன் அரசு அலுவலகங்களில் மெட்ராஸ் டைமைப் புகுத்தினார். மெட்ராஸ்காரன் சொல்லி நாங்கள் எழுந்திருப்பதா என்று ஊரே முறுக்கிக்கொண்டது. 1883-ல் கவர்மென்ட் கையை விரித்தது. 1906 ஜனவரி 1 அன்று எல்லோருக்கும் பொதுவாக இந்திய நேரம் வந்தது. மெட்ராஸ் சுமார் 9 நிமிஷத்தை விட்டுக்கொடுத்துவிட்டு காபி குடிக்கப் போய்விட்டது. பம்பாயிலோ அந்த மாதமே பஞ்சாலைத் தொழிலாளர்கள் கலாட்டா.

இன்றைய பி.எல்.எல். பொதுவாக மைக்ரோ விநாடிகளில் லாக் ஆகிவிடும். பம்பாய் மாநகராட்சி இந்திய நேரத்தோடு லாக் ஆக நாற்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.