வில்லன் கேட்கும் கேள்வி

வேப்பம்பட்டு, திருநின்றவூர், பட்டாபிராம் பக்கத்து வாசகர்களின் கேள்விகளில் பாதிக்கு மேல் ஜப்பானிய மங்கா வில்லன்களைப் பற்றித்தான். ஆகவே இந்த வாரம் முழுக்க அவர்களுக்கே.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன், போன் முகப்பில் 'நருட்டோ' வில்லன் பெயின் படத்தை வைத்திருக்கிறான். கதாநாயகனை விட்டுவிட்டு வில்லனைக் கொண்டாடுகிறானே, பயப்பட வேண்டுமா?
— ஒரு தாய், வேப்பம்பட்டு

வேண்டாம் அம்மா. பெயின் யார் என்று அவனிடமே கேளுங்கள், சாப்பாட்டை மறந்து பேசுவான். பெரிய நாடுகள் மோதிக்கொள்ள, நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன மழைநாட்டுப் பையன் நாகாட்டோ. நருட்டோவின் ஊர் வீரர்கள் கையால்தான் அவனுடைய அப்பா, அம்மா சாகிறார்கள். பிறகு உயிர்த்தோழனும் போகிறான். வளர்ந்து, பெயின் என்ற பெயரில் வந்து நருட்டோவின் ஊரைத் தரைமட்டமாக்குகிறான். அதற்குப் பிறகுதான் கேட்கிறான்: நீங்கள் பழிவாங்கினால் நீதி, நாங்கள் வாங்கினால் குற்றமா? சமாதானத்துக்கு உன்னிடம் என்ன வழி இருக்கிறது?

நருட்டோவிடம் அந்த நேரத்தில் பதில் கிடையாது. தடுமாறுகிறான். உங்கள் மகனைப் பிடித்து வைத்திருப்பது அந்தத் தடுமாற்றம். பதினான்கு வயதில் ஒரு பிள்ளை போரையும் பழியையும் பற்றி யோசிக்கிறான் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

'டெத் நோட்' லைட் யாகமி நல்லவனா, கெட்டவனா? ஒரே வரியில்!
— கல்லூரி மாணவர், பட்டாபிராம்

தன்னைத் தேடி வந்த எஃப்.பி.ஐ. அதிகாரிகளைச் சாகடித்த அன்றே அவன் கட்சி முடிந்தது.

ஒரு வரி போதாது, தம்பி. சுகுமி ஓபா எழுதி, தகேஷி ஒபாட்டா வரைந்து 2003 முதல் 2006 வரை வந்த அந்தக் கதையில், பெயர் எழுதினால் ஆள் சாகும் அந்த நோட்டில் முதலில் எழுதப்படுவது குற்றவாளிகளின் பெயர்கள்தான். நாமும் உள்ளுக்குள் கைதட்டுகிறோம். தட்டாதவர் குறைவு. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது ஜனங்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்று 2022இல் சொன்னது. அதற்குள் பூ வாடிவிட்டது. யாகமியைப் படிக்கும்போது நாம் விசாரிக்க வேண்டியது அந்தப் பூவைத் தூவிய கையை.

எங்கள் காலத்து காமிக்ஸில் நல்லவன் நல்லவன், கெட்டவன் கெட்டவன். இந்தக் குழப்பமெல்லாம் ஜப்பான்காரர்கள் கொண்டுவந்ததுதானே?
— ஓய்வுபெற்ற தொழிலாளி, அம்பத்தூர்

ஐயா, உங்கள் இரும்புக்கை மாயாவியை மறுபடி எடுத்துப் பாருங்கள். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவரைத்தான் முதல் இதழில் கொண்டுவந்தது. மூலக்கதை 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் வந்தது. தொடக்கக் கதையில் மின்சாரம் பாய்ந்து உடல் மறையும் வித்தை கிடைத்ததும் மாயாவியான லூயிஸ் கிராண்டேல் போன பாதை திருட்டும் நாசவேலையும்தான். உளவாளியாகி நம்மைக் காப்பாற்றியது பின்னால்.

1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் இன்னும் ஒரு படி மேல். குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தி ஆகப் புறப்பட்டவன் அவன். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அவனுக்குக் கதை எழுதியிருக்கிறார். அந்தக் கூர்க்காதுக்காரன் ஜெயிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். நீங்களும் அதில் ஒருவர் என்றே நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் படுகளம் பார்த்து வளர்ந்தவள் நான். மங்கா வில்லனைப் பார்க்கும்போது அந்த ஞாபகம் வருகிறது. சரியா?
— ஆசிரியை, திருநின்றவூர்

நூற்றுக்கு நூறு சரி. இந்தக் கேள்விக்காகவே இந்த வாரப் பகுதியை எழுதலாம்.

வட தமிழ்நாட்டுக் கூத்தில் துரியோதனன் வருகையைப் பாருங்கள். தலையில் பெரிய கிரீடம், தோளில் புஜக்கட்டை, காலில் சலங்கை. திரைக்குப் பின்னாலிருந்தே அவன் குரல் சபையை அடக்கிவிடும். கட்டியங்காரன் கேலி செய்தாலும் ராஜா ராஜாதான். பிறப்பைச் சொல்லிக் கர்ணனை அவமானப்படுத்திய சபையில் எழுந்து அங்க நாட்டைக் கொடுத்தவன். மனைவியின் மேகலை அறுந்து மணிகள் சிதறியபோதும் நண்பனைச் சந்தேகிக்காதவன். அதே ஆள்தான் திரௌபதியைச் சபைக்கு இழுத்துவரச் சொல்கிறான். இரண்டையும் ஒரே திருவிழாவில், அடுத்தடுத்த இரவுகளில் ஊர் பார்க்கிறது. எதையும் மறைப்பதில்லை, எதையும் கழித்துவிடுவதும் இல்லை.

பிறகு படுகளம். வெட்டவெளியில் மண்ணால் பெரிதாகச் செய்து படுக்கவைத்த உருவம். பீமன் தொடையில் அடிக்கிறான். அம்மன் கூந்தலை முடிக்கிறாள். அவள் சபதம் நிறைவேறியதில் ஊருக்கு நிம்மதி. உடனே காந்தாரியின் ஒப்பாரி எழுகிறது, அதற்கும் கண்ணீர் விடுகிறார்கள். சில ஊர்களில் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் வீட்டில் வைக்கிற வழக்கமும் உண்டு. தோற்ற எதிரியின் மண் வீட்டுக்கு வளம் தரும் என்று நம்புகிற மக்கள் நாம். எந்த மங்கா ஆசிரியரும் வில்லனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

நம் சினிமா வில்லன்கள் மட்டும் ஏன் சுமோவில் வந்து இறங்கி, கத்தி, செத்துப் போகிறார்கள்?
— ரயில் பயணி, செவ்வாப்பேட்டை

நேரம் இல்லை. இரண்டரை மணி நேரத்தில் பாட்டு, காதல், சண்டை போக வில்லனுக்கு மிஞ்சுவது இருபது நிமிடம். 'நருட்டோ' 1999 முதல் 2014 வரை வாராவாரம் வந்து 700 அத்தியாயம் ஓடியது. 'ஷோனென் ஜம்ப்' இதழில் வாசகர் வாக்குச்சீட்டு உண்டு, பிடித்த தொடர் எது என்று ஒவ்வொரு வாரமும் எழுதி அனுப்புவார்கள். சலித்தால் தொடர் நின்றுவிடும். ஆகவே எதிரிக்கும் சதையும் ரத்தமும் கொடுத்தாக வேண்டும். கூத்துக்கு விடியவிடிய நேரம் இருந்தது. கல்கிக்கு வாரப் பத்திரிகை இருந்தது: 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' தொடரில் நந்தினிக்கு எத்தனை வாரங்கள்! கெஞ்சிக் கேட்டும் வீரபாண்டியன் தலை கண்ணெதிரே வெட்டப்படுவதைப் பார்த்தவள் அவள். படித்தவர்களுக்கு அவள்மேல் முழுசாகக் கோபம் வந்ததே இல்லை.

இராவணனை விட்டுவிட்டீர்களே!
— தமிழ் ஆர்வலர், ஆவடி

விடுவேனா? ஆர்.எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் அவனை மேடைக்கே அரசனாக்கினார். புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' எழுதினார். அரசு 1948இல் தடை போட்டது, நீங்கியது 1971இல். தடை அநியாயம், காவியம் துணிச்சலானது. ஆனால் என்னைப் பிடித்து உலுக்குபவன் கம்பனின் இராவணன்தான். வீரம், இசை, பக்தி எல்லாம் இருந்தும் ஒரே ஆசையில் உடைகிறவன். குற்றத்தை முழுக்கத் துடைத்துவிட்டால் அவன் இன்னொரு கதாநாயகன் ஆகிவிடுகிறான். கதாநாயகர்களுக்கு நம்மிடம் பஞ்சம் இல்லையே.

'டிராகன் பால்' வெஜிட்டா மாதிரி எதிரி கூட்டாளி ஆவது நம்பும்படியாக இல்லை.
— பிளஸ் டூ மாணவி, வேப்பம்பட்டு

உங்கள் ஸ்டேஷனில் திருத்தணி வண்டி ஏறுங்கள். மலைமேல் நிற்கும் முருகனின் வாகனம் எது, கொடி எது? மயிலும் சேவலும் சூரபத்மன். கந்தபுராணத்தில் வேல் அவனைப் பிளந்ததும் அழிந்து போகவில்லை. ஒரு பாதி சுமக்கிறது, ஒரு பாதி கூவுகிறது. திருத்தணி முருகன் கோபம் தணிந்த இடம் என்பதால் கந்தசஷ்டிக்கு அங்கே சூரசம்ஹாரமே கிடையாது, மலர் தூவுகிறார்கள். அகிரா டோரியாமா 1984இல் தன் தொடரைத் தொடங்கினார். நாம் பல நூறு வருஷம் முந்திக்கொண்டோம்.

கண்ணீர் வரவைக்கும் பழைய கதை ஒன்றைச் சொல்லிவிட்டால் செய்த கொலையெல்லாம் சரியாகிவிடுமா?
— வங்கி ஊழியர், பூந்தமல்லி

ஆகாது. ஆகிவிடும் என்று காட்டுகிற மங்காக்கள் ஏராளம், சாகப்போகும் நேரத்தில் அவசரமாக ஒரு சோகத்தை ஒட்டிவைப்பார்கள். எனக்கு அதில் மரியாதை இல்லை.

நேர்மையான உதாரணம் வேண்டுமானால் ஹிரோமு அரகாவாவின் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' படியுங்கள். இனத்தையே அழித்த ராணுவத்தைப் பழிவாங்கக் கிளம்பிய ஸ்கார், தன் காயத்துக்கு மருந்து போட்ட டாக்டர் தம்பதியையும் வெறியில் கொன்றவன். அந்தத் தம்பதியின் மகள் வின்ரி பிறகு அவன் காயத்துக்குக் கட்டுப்போடுகிறாள். மன்னிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போடுகிறாள். அரகாவா ஹொக்கைடோவில் பிறந்தவர். அங்கே ஐனு பழங்குடிகளுக்கு நேர்ந்ததை மனதில் வைத்து எழுதினார். ஸ்காரின் வலி நிஜம், அவன் கொலையும் நிஜம். ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அழிக்க அவர் சம்மதிக்கவில்லை.

உங்களை மிகவும் பயமுறுத்தியவன்?
— வாசகர், நெமிலிச்சேரி

நவோகி உராசாவாவின் 'மான்ஸ்டர்' தொடரில் ஜோஹன். மேயரை விட்டுவிட்டு அந்தச் சிறுவனுக்கு அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றுகிறார் டாக்டர் டென்மா, எல்லா உயிரும் சமம் என்று நம்பி. பிழைத்தவன் கொலைகாரன். அப்போதும் எல்லா உயிரும் சமமா? டாக்டரோடு சேர்ந்து நாமும் மாட்டிக்கொள்கிறோம்.

நான் மங்கா பாணியில் தமிழில் வரைகிறேன். நம் ஊருக்கு ஒரு வில்லன் சொல்லுங்கள்.
— ஓவியக் கல்லூரி மாணவி, வேப்பம்பட்டு

மகிழ்ச்சி, கட்டாயம் வரையுங்கள். கண்ணில் சிவப்பு மை வேண்டாம். மழை பெய்தால் தண்ணீர் தேடிப்போகும் தாங்கலில் மண் அடித்து மனை போட்டு விற்கும் ஒருவர் போதும். வாடகை வீடு விட்டு வாடகை வீடு என்று தாயோடு அலைந்த பிள்ளையாக அவரை வளர்த்துவிடுங்கள். ஏழைக்கும் சொந்தமாகக் கால் கிரவுண்டு கிடைக்கட்டும் என்று அவர் நிஜமாகவே நம்பட்டும். தவணை கட்ட முடியாத குடும்பத்துக்குப் பணம் வாங்காமல் பத்திரம் முடித்துக் கொடுக்கட்டும். ஒரு டிசம்பர் மாதம், அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குள்தான் முதலில் வெள்ளம் வரட்டும். அவர்மேல் வழக்குப் போடக் கிளம்பும் கதாநாயகியின் வீட்டுப் பத்திரத்திலும் அதே சர்வே எண் இருக்கட்டும். நீதிமன்ற வாசலில் அவர் அவளிடம் கேட்கட்டும்: "நீ எப்போம்மா காலி பண்ணப்போற?"