நாய்க்குக் கனவு, லிம் குடும்பத்துக்கு ஆறு வாரம்

ராம்சே தெருவில் குடியிருக்க என்ன தகுதி வேண்டும்? செத்துப்போயிருக்கலாம், தடையில்லை. அந்தத் தெருவில் நடக்கும் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடர் 'நெய்பர்ஸ்'. அதன் ஹெரால்ட் பிஷப் 1991இல் கடலோடு போனார். மூக்குக்கண்ணாடி மட்டும் மிஞ்சியது. ஐந்து வருடம் கழித்து, தான் யாரென்பதே மறந்துபோய் வந்து நின்றார். தெரு அவரைக் கட்டிக்கொண்டது. நாயாக இருந்தால் இன்னும் விசேஷம். 1990இல் பவுன்சர் என்ற லாப்ரடார் கண்ணயர்ந்து கனவு கண்டது: பக்கத்து வீட்டு நாய் ரோஸியோடு கல்யாணம்! ஒரு நாயின் அடிமனத்தைப் படமாக்க அங்கே ஆளும் இருந்தது, நேரமும் இருந்தது.

வெள்ளைத்தோல் இல்லாதவர்களுக்குத்தான் வீடு காலியில்லை.

1985இல் ரெக் வாட்சன் தொடங்கிய இந்தத் தொடர் மெல்பர்ன் புறநகரில் நடப்பதாகக் கதை. வீடுகள் வெர்மான்ட் சவுத்தில், ஸ்டுடியோ நனவாடிங்கில். நனவாடிங்கில் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பாக்ஸ் ஹில். கடைத்தெருவெங்கும் சீன எழுத்து. இவர்களுக்கோ 1993இல் ஹாங்காங்கிலிருந்து ஒரு லிம் குடும்பத்தை இறக்கவேண்டியிருந்தது. இறக்கி என்ன செய்தார்கள்? தெருவில் ஒரு நாய் காணாமல் போகிறது. லிம் வீட்டார் சுட்டுத் தின்றுவிட்டார்கள் என்று தெருவாசி ஜூலி மார்ட்டின் பழி போடுகிறாள். சீனக் குடும்பம் என்றதும் கதை இலாகாவுக்கு உதித்தது இதுதான். மூன்று ஸ்டேஷன் போய்வர டிக்கெட்டுக்குக்கூடவா காசில்லை?

இனவெறியைக் கண்டிக்கத்தான் அந்தக் கதை என்று யாராவது சொல்லக்கூடும். சரி, கண்டித்தார்கள். பழி போட்டவள் தெருவிலேயே இருந்தாள். பழி சுமந்தவர்கள் ஆறே வாரத்தில் பெட்டி கட்டினார்கள். இதற்குப் பெயர் கண்டனமா, காலி செய்யும் நோட்டீஸா?

அப்புறம் கபூர் குடும்பம். கணவர் வக்கீல், மனைவி பள்ளித் தலைமையாசிரியை. இதற்கு மேல் என்ன சான்றிதழ் காட்டுவது? 2013இல் ஊரார் கல்யாணத்தில் எரிவாயு சிலிண்டர் வெடித்தது. செத்தது மனைவி பிரியா கபூர். மிச்சக் குடும்பமும் சீக்கிரமே கழன்றது. கணவர் அஜய் கபூராக நடித்த சச்சின் ஜோப் வெளிப்படையாகவே ஆதங்கப்பட்டார். அழைத்தும் அனுப்பியும் பழகியவர்கள் காதில் அது விழுமா?

அந்த மண்ணின் பூர்வகுடிகளில் ஒருவரை, மெய்ன் வயட்டை, முதன்மை நடிகராக்கியது 2014இல். பல்லாயிரம் ஆண்டு முன்பே குடிவந்தவர்கள், சொந்த நிலத்துத் தெருவில் நுழைய 29 வருடம் வரிசையில் நின்றார்கள்! 2021இல் வயட், ஷரீனா கிளான்டன், ஷரோன் ஜோஹல் என்ற நடிகர்கள் மூவரும் படப்பிடிப்புத் தளத்தில் பட்ட இனவெறியைப் பொதுவில் சொன்னார்கள். தயாரிப்பு நிறுவனம் ஆய்வு செய்வதாக அறிவித்தது. ஆய்வு! நிறம் தெரிவதற்கு நுண்ணோக்கி வேண்டுமோ என்னவோ.

2022 ஜூலையில் தொடர் முடிந்தபோது ரசிகர் மிகுந்த பிரிட்டனில் அழாத கண்ணில்லை. அமேசான் 2023இல் எழுப்பியது, 2025இல் அதுவும் கைவிட்டது. மறுபடி அழுதார்கள். எதற்கு அவசரம்? ஹெரால்டையே திருப்பித் தந்த கடல் அது. அடுத்த முறை எழுந்து வரும்போது மட்டும், தயவுசெய்து, முதலில் ஒரு பாக்ஸ் ஹில் டிக்கெட் எடுக்கட்டும்.