மேடை வசனம்

கேள்வி: அரசியல் பேச உட்கார்ந்தாலே நண்பர்கள் எல்லோரும் ஏன் மனப்பாட வசனத்தை ஒப்பிக்கிறார்கள்?
– ஒரு வாசகர், ராபர்ட்சன்பேட்டை

பதில்: யோசித்துப் பேசினால் தோற்கலாம், ஒப்பித்தால் தோற்கவே முடியாது! உங்கள் கோலார் தங்கவயலையே பாருங்கள். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. மத்திய அரசுதான் காரணம் என்பார் ஒருவர், மாநில அரசு என்பார் மற்றவர். இரண்டும் மேடையில் கேட்டவை. 3 கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்ட ஆழம், தங்கம் அருகிப்போன பாறை, ஏறிக்கொண்டே போன செலவு ஆகியவை எந்தக் கட்சி வசனத்திலும் வராது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசியை இன்றும் சுவாசிக்கிற குடும்பங்களும் அதில் வருவதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை நண்பரிடம், "உங்கப்பா எந்த மைன்ல இறங்கினாரு?" என்று கேளுங்கள். அதற்கு யாரும் வசனம் எழுதித் தரவில்லை. அவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, அப்புறம் அரசியல் பேசுங்கள்.