ஒற்றைக் காது டிஜே

டிஜே ஆவதென்று முடிவெடுத்த பையன் முதல் காரியமாகப் பெயர் வைத்துக்கொள்கிறான். அப்பா அம்மா வைத்ததிலிருந்து இரண்டு எழுத்தைப் பிய்த்து எடுத்து, முன்னால் டிஜே சேர்த்தால் தீர்ந்தது. முருகேசன் ‘டிஜே முர்க்’ ஆவான். பாண்டியராஜன் ‘டிஜே பேண்டி’. மறுநாளே லோகோ தயார்: ஒரு மின்னல், இரண்டு இறக்கை, தைரியசாலியாக இருந்தால் மண்டையோடு. கறுப்பு டி-ஷர்ட், ராத்திரியிலும் கழற்றாத கூலிங் கிளாஸ், இன்ஸ்டாகிராமில் ‘புக்கிங்குக்கு அணுகவும்’ என்று மச்சானுடைய நம்பர். பாட்டு மாற்றக் கற்றுக்கொள்வது மட்டும்தான் பாக்கி.

அதற்கும் பெட்டி வேண்டும். கற்றுக்குட்டிகளுக்கென்றே பயனியர் டிஜே 2018-ல் விட்ட டிடிஜே-400, அதற்கப்புறம் வந்த எஃப்எல்எக்ஸ்-4 என்று மாடல் நம்பர்களை ரேஷன் கார்டு நம்பரைவிடச் சரளமாகச் சொல்வான். இரண்டு வட்டத் தட்டு, நடுவில் இப்படியும் அப்படியும் தள்ளுகிற ஃபேடர், மீதி எல்லாம் பட்டன். அம்மாவிடம் ‘கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு’ என்று சொல்லிப் பணம் வாங்கியிருப்பான். பெட்டியைப் பிரித்துப் பார்த்த அம்மா, “இது என்னடா, ரெண்டு பர்னர் அடுப்பு மாதிரி இருக்கு?” என்பார்.

வந்த அன்றே பாட்டு போட்டுவிட மாட்டான். முதலில் வரலாறு. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி. ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க் என்ற பதினெட்டு வயதுப் பையன், தங்கச்சி வைத்த விருந்தில் பாட்டுப் போட்டான். ஹிப்-ஹாப் பிறந்த நாள் என்று அதைத்தான் கொண்டாடுகிறார்கள். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஜனங்கள் விரும்பி ஆடுகிற அந்தத் தாளத் துண்டை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டுவதுதான் ஹெர்க்கின் வித்தை. இதையெல்லாம் தம்பி தாத்தாவிடம் உணர்ச்சி பொங்கச் சொல்வான். தாத்தா ஒரே கேள்விதான் கேட்பார்: “ஒரே பாட்டுக்கு எதுக்குடா ரெண்டு ரெக்கார்டு? ஒண்ணு கீறலா?”

தாத்தா பார்த்தது மைக் செட் காலம். ஒரு பாட்டு முடிந்தால் தட்டை எடுத்து, துடைத்து, அடுத்ததை வைத்து, ஊசியை இறக்கும்வரை தெருவே பொறுத்திருக்கும். அந்த இடைவெளியில் மைக் செட்காரர் தன் கடை விலாசத்தையும் சொல்லி முடித்துவிடுவார். டிஜே என்பவன் அந்த இடைவெளியே தெரியாமல் செய்கிறவன். தம்பியின் சோகம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாட்டு மாறியதே தெரியாமல் மாற்றினால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சொதப்பினால் சமையல்கட்டிலிருந்துகூட எட்டிப் பார்ப்பார்கள். நாலு பேர் பார்க்க வேண்டும் என்று இறங்கினவன், யாரும் பார்க்காதபடி செய்கிற வேலையை மாசக்கணக்கில் உட்கார்ந்து பழகுகிறான்.

ஹெட்போனை ஒற்றைக் காதில் வைத்து, கழுத்தைச் சாய்த்துத் தோளால் அழுத்திக்கொள்வதை முதல் நாளே கற்றுவிடுகிறான். அடுத்த பாட்டை வெளியே விடாமல் தான் மட்டும் கேட்டு, ஓடுகிற பாட்டோடு தாளம் சேர்ப்பதற்காக வந்த பழக்கம் அது. நம் தம்பியின் ஹெட்போனில் பல நாள் எதுவுமே ஓடாது. க்யூ பட்டனை அமுக்க வேண்டும் என்று பிற்பாடுதான் தெரியவரும். ஆனாலும் போஸுக்குக் குறைச்சல் இல்லை.

வெளிநாட்டு ஹவுஸ் இசை நிமிஷத்துக்கு 120, 125 அடி என்று நூல் பிடித்தாற்போல ஓடும். முதல் 32 அடி வெறும் டிரம்ஸ். போன பாட்டை வழியனுப்பிவைக்க டிஜேக்கென்றே விட்டுவைத்த திண்ணை. நம் சினிமாப் பாட்டில் திண்ணை ஏது? கதவைத் திறந்தால் நேரே ஹீரோ நிற்பார். இல்லையென்றால் ஒரு அம்மா ஹம்மிங் செய்துகொண்டிருப்பார். எண்பதுகளின் இளையராஜா பாட்டு என்றால் இன்னும் விசேஷம். வயலினும் தபேலாவும் மனிதர்கள் உட்கார்ந்து வாசித்தவை. சரணத்தில் மயிரிழை வேகம் கூடும், பல்லவிக்குத் திரும்பும்போது மூச்சு வாங்கும். மென்பொருளோ அடியெல்லாம் சம தூரத்தில் விழும் என்று நம்பிக் கட்டம் போட்டு வைத்திருக்கும். தம்பி ‘சிங்க்’ பட்டனை நம்பி அமுக்குவான். கொஞ்ச நேரத்தில் இரண்டு செட் மேளக்காரர்கள் ஒரே சந்தில் எதிரெதிரே வந்ததுபோல ஆகிவிடும். மும்மூன்றாகத் துள்ளுகிற டப்பாங்குத்தை நாலு நாலாக எண்ணிக்கொண்டு வரும் மென்பொருளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். (சிங்க் அமுக்குகிறவன் டிஜேயே இல்லை என்று சீனியர்கள் சொல்வார்கள். கால்குலேட்டர் வந்தபோதும் வாய்ப்பாடு வாத்தியார்கள் இப்படித்தான் பேசினார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை.)

முதல் புக்கிங் சித்தி மகள் ரிசப்ஷன். மதுரைப் பக்கத்து மண்டபம். ஸ்பீக்கர், ஆம்ப், ஒயர் எல்லாம் சவுண்ட் சர்வீஸ் அண்ணனுடையது. இவன் கூலிங் கிளாஸைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிடும். “தம்பி, செகப்பு லைட்டு எரியிற வரைக்கும் ஏத்தாத. ட்வீட்டர் போச்சுன்னா ஒங்கப்பாகிட்டதான் வாங்குவேன்” என்று சொல்லிவிட்டு, ஸ்பீக்கர் பெட்டிமேலேயே படுத்துத் தூங்கிவிடுவார். அந்தச் சத்தத்தில் அவரால் தூங்க முடிகிறது. ஜெனரேட்டர் நின்றால்தான் விழிப்பார்.

தம்பி மைக்கை எடுத்து, “மதுரை! கையத் தூக்குங்க!” என்று கத்துவான். எல்லாரும் தூக்குவார்கள், காதைப் பொத்துவதற்கு.

பிறகு ஆர்டர்கள் வரும். பெரியம்மா ஒருவர் வந்து, “அந்தப் பாட்டுப் போடுய்யா, டட்டட டொய்ங்னு வருமே” என்பார். விஜய் பாட்டு ஒன்று போட்டால் அஜித் பாட்டு ஒன்று போட்டாக வேண்டும். கணக்கு தப்பினால் மாப்பிள்ளையின் தோழர்கள் நேரில் வந்து விசாரிப்பார்கள். இரண்டையும் சமாளித்து, லோ குமிழைத் திருகி ஒரு பாட்டின் பேஸை இறக்கி இன்னொன்றின் பேஸை ஏற்றி, அழகாக ஒரு மாற்றம் வரப்போகிற நொடியில் போட்டோகிராஃபர் கையை வீசுவார்: “நிறுத்துப்பா! பொண்ணு மாப்பிள்ளை இன்னொருக்கா நடந்து வரணும்!”

எல்லாம் கூடிவந்து, சின்னப் பையன்கள், அத்தைகள், ஒரு ரிட்டயர்டு தாசில்தார் வரை ஆடத் தொடங்கும்போது வாசலில் யாரோ சொல்வார்: “பந்தி போட்டாச்சு.”

அவ்வளவுதான். உலகத்தின் எந்தப் பெரிய டிஜேயாலும் தடுக்க முடியாத வார்த்தை அது. தாசில்தார் ஒரு காலைத் தூக்கிய நிலையிலிருந்தே படிக்கட்டைப் பார்த்துத் திரும்பிவிடுவார். சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு ஜனம் மேலே வருவதற்குள் மணி பத்தாகிவிடும். ஒலி மாசு விதிகள் 2000-ம் ஆண்டிலேயே வந்தவை. பத்திலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது. மண்டப மேனேஜர் அந்த விதிகளைப் படித்தவரல்ல. ஆனாலும் பத்து அடிக்கும்போது மெயின் சுவிட்ச் பக்கத்தில்தான் நிற்பார்.

கணக்கு முடிக்கும்போது சித்தப்பா கேட்பார்: “மைக் செட்டுக்கு எம்புட்டுப்பா?”

“சித்தப்பா, மைக் செட் இல்ல. டிஜே.”

“சரி, அதுக்குத்தான் எம்புட்டு?”

தம்பி தயங்கித் தயங்கி ஒரு தொகை சொல்வான். சொந்தக்காரப் பையன் என்பதால் அதில் பாதி போய்விடும். மீதியைக் கையில் வைத்து அழுத்தி, சித்தப்பா தோளில் தட்டுவார். “காலையில ஆறு மணிக்கு வந்துரு. மேளக்காரவுக வர்ற வரைக்கும் சாமிப் பாட்டு போடணும்.”

வருவான். கூலிங் கிளாஸோடுதான் வருவான். பிள்ளையார் பாட்டு முடியும் முன்பே முருகன் பாட்டை ஹெட்போனில் கேட்டு, வேகத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, ஃபேடரை மெல்ல நகர்த்துவான். ராத்திரி முழுக்க வராத மாற்றம், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வரும். பெருமையோடு நிமிர்ந்து பார்த்தால், எதிரே சமையல் மாஸ்டர் கரண்டியோடு நிற்பார்.

“தம்பி, கொஞ்சம் கொறைப்பா. சாம்பாருக்கு உப்பு போட்டாச்சான்னு அங்கேருந்து கேக்குறான், ஒண்ணும் காதுல விழ மாட்டேங்குது.”