நாலு கண்ணு இருந்தாப் போதுமா?

ஏண்டா பேராண்டி, கடலடிச் சேத்தை அலசி, சல்லடையில நின்னதுக்கெல்லாம் 'கூனி'ன்னு சீட்டு எழுதி சீசாவுல போட்டிருக்கியே, உங்க பாட்டி இதைப் பொடி இடிச்சுக் கொடுத்தா சோத்துல பெசஞ்சு தின்பியா? கூனிக்குத் தலைமேல ஓடு உண்டு, கண்ணு காம்புமேல நிக்கும். இதுக்கு ஓடும் இல்லை, காம்பும் இல்லை. ரெண்டு பக்கமும் நசுங்கின உடம்பு, ஒருக்களிச்சுக் கிடக்கு. ஆம்பிபோடுடா அது! பரங்கிப்பேட்டையில கடல் உயிரியல் வாத்தியாருங்களுக்குப் படகு ஓட்டினவன் நான், அவங்க பேசினது காதுல விழாமலா போகும்?

போனை உள்ளே வை. அது பேரைச் சொல்லிடும், உன்னை மாதிரியே சரியாப் பாக்காம. லென்சுல தலையைப் பாரு. பக்கத்துக்கு ரெண்டா நாலு கண்ணு, ஒவ்வொண்ணுலயும் கண்ணாடிக் குமிழ். சாராயத்துல ஊற ஊறச் செவப்பு வெளுத்துடும், குமிழ் நிக்கும். உன் சித்தப்பனுக்கு அப்படியே நேரெதிர்.

உடனே 'ஆம்பெலிஸ்கா'ன்னு குதிக்காதே. பிப்ளிஸ்னு ஒரு பங்காளி இருக்கான், அவனுக்கும் நாலு கண்ணுதான். வாலைத் திருப்பு. கடைசித் தகடு பாதிக்கு மேல ஆழமாப் பொளந்திருந்தா ஆம்பெலிஸ்கா, பொளவு ஆழம் கம்மின்னா பங்காளி. அதுக்கும் மேல இனம் பிரிக்க ஏழாவது கால் வேணும். அதைத்தானே நீ இடுக்கியால முதல்ல ஒடிச்சே! 'ஆம்பெலிஸ்கா எஸ்.பி.'ன்னு, அதாவது இனம் எதுன்னு தெரியலைன்னு எழுதிட்டுப் போ, மானம் ஒண்ணும் போகாது. கடைசியா தோலுரிச்ச ஆணுக்கு மீசை நீண்டுடும், ராத்திரியில கூட்டை விட்டு நீந்தக் கெளம்பிடுவான். அவனைப் புது இனம்னு சொல்லி உன் பேரை ஒட்டிடாதே.

இத்துனூண்டு பூச்சிக்கு இவ்வளவு அலட்டலான்னு மொணகுறே, கேக்குது. 1978 மார்ச்சுல பிரான்சு நாட்டு பிரித்தானிக் கரையில 'அமோகோ காடிஸ்' கப்பல் ஒடைஞ்சு 2,20,000 டன்னுக்கு மேல கச்சா எண்ணெய் கொட்டுச்சு. மோர்லே விரிகுடாவுல கூட்டங்கூட்டமா இருந்த ஆம்பெலிஸ்கா அழிஞ்சுபோச்சு, மறுபடி தலையெடுக்கப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. குஞ்சை வயித்தடிப் பையில சொமக்கிற சாதி, தண்ணியில மெதந்துபோய்த் தூரத்து எடம் புடிக்கிற லார்வா கிடையாது. கப்பல் ஒடையறதுக்கு முன்னாடியே ஒருத்தர் அங்க சேத்தை அள்ளி, பேர் பிரிச்சு எண்ணி வெச்சிருந்தாரு. அதனாலதான் போனது எதுன்னு தெரிஞ்சுது. அவரும் 'கூனி'ன்னு எழுதியிருந்தா?

சரி, புதுச் சீட்டு எடு. பென்சில்ல எழுது, பேனா மை சாராயத்துல கரைஞ்சுடும். பென்சில்னா அழிச்சு அழிச்சு எழுதவும் தோது, உனக்கு அது ரொம்ப வேணும்.