கடலில்லா ஊரார் கப்பலறை எடுப்பது குறித்து ஓர் ஆராய்ச்சி

கம்பைநல்லூருக்குக் கடல் கிடையாது. தருமபுரி மாவட்டத்துக்கே கிடையாது. எம்மூர்ப் பக்கமாக வந்து கடலைச் சேர்வது தென்பெண்ணை. அதுவும் கடலூர் வரை டிக்கெட் எடுக்காமலே போய்விடுகிறது. ஆகவே உல்லாசக் கப்பலில் எந்த அறையை எடுப்பது என்ற வினாவுக்கு விடை சொல்ல எம்மூரார்க்குத் தகுதி உண்டா என்று கடலோரப் புலவர்கள் ஐயுறலாம். உண்டு என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய கார்டிலியா கப்பலுக்குப் பிறகு இவ்வினா உள்நாட்டிலும் பரவியது. கப்பலறைகள் பொதுவாக நால்வகை: சன்னலில்லா உள்ளறை, கடல் தெரியும் சன்னலறை, பால்கனி அறை, சூட். கட்டணமும் இதே வரிசையில் ஏறும்.

சன்னல் கட்சியார் வாதம், காசு கொடுத்துக் கடலுக்குப் போய்விட்டுக் கடலைப் பார்க்காமல் வருவதா என்பது. வலுவான வாதம்தான். ஆனால் கப்பல் கிளம்புவது பெரும்பாலும் சாயங்காலம். பொழுது சாய்ந்தபின் சன்னலில் தெரிவது கடலன்று, பார்ப்பவர் முகம். அதை வீட்டுக் கண்ணாடியிலேயே பார்க்கலாம். விடிந்தால் மேல்தளத்தில் முழுக் கடலும் உள்ளறைக்காரருக்கும் பொது.

இவ்விடத்தில் வரலாறு குறுக்கிடுகிறது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடியது. அதில் அறை எடுத்தவர் வசதியுள்ளவர். மற்றவர் தளத்தில் பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்துக் கடற்காற்றிலே கிடந்தனர். அன்று காற்று ஏழைக்கு வந்த தண்டனை. இன்று அதே காற்றுக்குப் பால்கனி என்று பெயர் வைத்துக் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். எம்மூர்த் திண்ணையில் படுத்திருப்பவருக்கு இந்தப் பொருளாதாரம் எளிதில் விளங்காது.

இனி ஆட்டம். கப்பலின் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்; நடுவில், கீழ்த்தளத்தில் அசைவு குறைவு. டைட்டானிக்கில் மூன்றாம் வகுப்பாரை இரு முனைகளிலும் வைத்து, நடுப்பகுதியை முதல் வகுப்புக்கு ஒதுக்கியதன் சூட்சுமத்தில் இதுவும் அடங்கும். இதை அறிய எம்மூரார்க்குக் கப்பல் தேவையில்லை. மொரப்பூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்தியபடி ஒவ்வொரு வேகத்தடைக்கும் கூரையை முட்டிவரும் பெரியம்மாவிடம் கேளுங்கள். நடு சீட்டுக்குத் துண்டு போடச் சொல்வார். துண்டு போடும் முறை கப்பலில் செல்லாது என்பது மட்டுமே அவரது கோட்பாட்டிலுள்ள குறை.

ஒகேனக்கல் பரிசலை இவ்வாய்வில் சேர்க்கவில்லை. வட்டமானதற்கு முன்னும் பின்னும் ஏது?

எனவே நடுப்பகுதி, கீழ்த்தளம், உள்ளறை. மிச்சக் காசுக்குச் சாப்பாடு. நடன அரங்குக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. நால்வர் அறையில் இரண்டு படுக்கைகள் மேலே இருக்கும். ஏணியில் ஏற வேண்டும். பாட்டிக்கு முழங்கால் வலி, மாமாவுக்குச் சர்க்கரை, இரவில் பலமுறை இறங்கியாக வேண்டும். பேரன் எங்கும் ஏறுவான். மிஞ்சுபவர் புது மாப்பிள்ளை. அவரை மேலே ஏற்றினால் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்ற வேண்டும் என்பதைத் துறைமுகத்தார் இன்னும் வகுக்கவில்லை.